பழைய ஜீப்பும் பாட வேறுபாடும்



சிதைந்த ஏட்டுச்சுவடி ஒன்று கைக்கு வந்தால் பதிப்பாசிரியர் முதலில் செய்வது படிப்பதன்று, பார்ப்பது. ஏடுகள் எத்தனை, எங்கே முறிந்துள்ளன, எந்த இடத்தில் கையெழுத்து மாறுகிறது, வேறு சுவடியைச் சேர்ந்த ஏடு ஏதேனும் இடையில் வந்து கலந்துள்ளதா என்றெல்லாம் பார்த்த பின்னரே படிப்புத் தொடங்கும். இதே ஒழுங்கை, ஓலையையும் எழுத்தாணியையும் கண்டறியாத ஒரு கூட்டத்தார் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் பழைய இரும்பின்மேல் பயின்று வருகின்றனர். இரண்டாம் உலகப் போரில் ஓடிய படை ஊர்திகளைத் தேடிப் பிடித்து, பாகம் பாகமாகக் கழற்றி, ஒவ்வொன்றும் எந்தப் பட்டறையில் பிறந்தது எனக் கண்டு, மீண்டும் பூட்டி ஓட்டுவது அவர்களுடைய பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்னும் சொல் இங்குச் சற்றுக் குறைபாடு உடையதே. பொழுது போவதற்காக எவரும் ஒரே ஒரு போல்ட்டைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைவதில்லை.

அவ்வூர்திகளுள் பலராலும் விரும்பப்படுவது ஜீப். டாங்கியை வைத்துக்கொள்ளப் பெருஞ்செல்வம் வேண்டும். பார வண்டியை நிறுத்தப் பெரிய கொட்டகை வேண்டும். ஜீப்போ வீட்டு முற்றத்தில் அடங்கும். ஒருவரே கழற்றலாம், இருவர் சேர்ந்தால் உடற்கூட்டைத் தூக்கலாம். தமிழ்நாட்டிலும் அப்பெயரைக் கேளாத சிற்றூர் இல்லை. ஆட்சியர் வந்தால் ஜீப், தேர்தல் வந்தால் ஜீப் என்றொரு காலம் நெடிது நிலவியது. ஆகவே பொருள் அயலதாயினும் பெயர் அயலதன்று.

அதன் பிறப்புக் கதையே ஒரு நூலாசிரியர் வழக்கைப் போன்றது. 1940-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்கப் படைத்துறை, இலேசான, நான்கு சக்கரங்களும் உந்தும் உளவு வண்டி ஒன்று வேண்டுமென்று 135 நிறுவனங்களுக்குக் கடிதம் விடுத்தது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த தவணை 49 நாள். பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்னும் ஊரில், கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த அமெரிக்கன் பான்டம் என்னும் சிறு நிறுவனம் துணிந்து முன்வந்தது. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாட்களுக்குள் வரைபடங்களை முடித்தார். செப்டம்பர் 23-ஆம் நாள் மாலை, தவணை முடிய அரைமணி நேரமே எஞ்சியிருக்க, மேரிலாந்தின் ஹோலபேர்ட் படைத்தளத்து வாயிலில் அம்முதல் வண்டி வந்து நின்றது.

வண்டி நன்றாக ஓடியது. ஓடியதே பான்டத்துக்கு வினையாயிற்று. இச்சிறு நிறுவனம் போர்க்காலத் தேவைக்கு ஈடுகொடுக்காது என்று கருதிய படைத்துறை, அவ்வரைபடங்களை வில்லிஸ்-ஓவர்லாந்து, ஃபோர்டு ஆகிய இரு பெரு நிறுவனங்களுக்கும் காட்டிற்று. முடிவில் வில்லிஸ் ஏறத்தாழ 3,60,000 வண்டிகளும், ஃபோர்டு ஏறத்தாழ 2,80,000 வண்டிகளும் செய்து குவித்தன. பான்டம் செய்தவை மூவாயிரத்தையும் எட்டவில்லை. பிற்பாடு அது ஜீப்பின் பின்னால் இழுபடும் இழுவைப் பெட்டிகளைச் செய்து பிழைத்தது. ஜீப்பை ஆக்கியவர் தாமே என வில்லிஸ் விளம்பரம் செய்ய, அவ்வாறு உரிமை கொண்டாடலாகாது என்று 1948-இல் அமெரிக்க வாணிக ஆணையம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது பான்டம் கார் செய்யும் தொழிலையே விட்டிருந்தது. பாட்டு ஒருவருடையது, முத்திரை மற்றொருவருடையது என்னும் நிலை தமிழ் இலக்கிய வரலாற்றுக்குப் புதியதன்று. ஆயினும் தீர்ப்பு வழங்க ஓர் ஆணையம் அங்கே இருந்தது என்பது பொறாமைக்குரியது.

பெயரின் வரலாறும் சொற்பிறப்பு ஆய்வாளர்க்கு விருந்தாகும். பொதுப்பயன் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளான ஜி, பி இரண்டும் மருவி ஜீப் ஆயிற்று என்பது மக்கள் வழக்கு. ஃபோர்டு நிறுவனத்தின் குறியீட்டில் ஜி என்பது அரசாங்கத்தையும், பி என்பது எண்பது அங்குலச் சக்கர இடைவெளியையும், இறுதி டபிள்யூ என்பது வில்லிஸ் வடிவமைப்பையும் குறித்தன. பொதுப்பயனுக்கு அங்கே இடமில்லை. 1936-இல் பாப்பை சித்திரக்கதையில் தோன்றிய, எங்கும் நுழைந்து எதையும் செய்யவல்ல யூஜின் என்னும் ஜீப்பின் பெயரையே படைவீரர்கள் வண்டிக்கு இட்டனர் என்பாரும் உளர். இரண்டு ஊற்றுகளும் ஒரே சொல்லில் கலந்திருக்கலாம்.

இனிப் பாகங்களை அறியும் கலைக்கு வருவோம். இதுவே இப்பேச்சின் நடுவிடம்.

வில்லிஸ் வண்டியும் ஃபோர்டு வண்டியும் ஒன்றன் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்துமாறு செய்யப்பட வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. அருகில் குனிந்து பார்ப்பவர்க்கு வேறு வேறு. முன் பம்பருக்குப் பின்னால் இரு சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்த தொட்டி வடிவத் தகடு. வண்டி எண்ணை வில்லிஸ் ஒரு சிறு தகட்டில் பொறித்து இடப்பக்கச் சட்டத்தின் உட்புறத்தில் ரிவிட் அடித்தது; ஃபோர்டோ சட்டத்தின் மேல்முகத்திலேயே எண்ணை அறைந்தது. தகடு உதிர்ந்துபோகலாம்; அறைந்த எண் துருவுக்கு அடியிலும் கிடக்கும். கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. செப்பேட்டைப் பெயர்த்து எடுத்துச் செல்லலாம். பாறையை என் செய்வது?

இவற்றினும் நுட்பமானது ஃபோர்டின் 'எஃப்' எழுத்து. அந்நிறுவனம் தான் செய்த பாகங்களிலும், போல்ட்டுகளின் தலையிலும்கூட, வளைவான கையெழுத்து வடிவில் அவ்வெழுத்தைப் பொறித்தது. பிறர் செய்த பாகம் பழுதானால் அதன் பழி தன்மேல் விழலாகாது என்பதற்காகவே இம்முன்னெச்சரிக்கை என்பர். போருக்குச் சென்ற வண்டி, குண்டு விழும் இடத்தில் இந்த 'எஃப்' எழுத்தைத் தாங்கி நின்றது. இன்றைய ஆர்வலர்க்கு அதுவே உயிர். ஃபோர்டு வண்டியை மீட்பவர், கதவில்லா அவ்வண்டியின் மூலை முடுக்கெல்லாம் 'எஃப்' போல்ட்டே இருக்க வேண்டும் என்று விரதம் பூணுகிறார். பழைய பாகச் சந்தைகளில் தகர டப்பாவில் குவிந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தலையைத் திருப்பிப் பார்த்து, மீண்டும் டப்பாவில் இட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும் முதியவர்களைக் காணலாம். ஆணி எண்ணுபவர்கள் என்று பிறர் இவர்களை எள்ளுவதுண்டு. எழுத்தெண்ணிப் படித்தவர் என்பதைப் பாராட்டாகக் கொண்ட மொழியில் இந்த எள்ளல் எடுபடாது.

முகப்பு ஒன்றே காலத்தைக் காட்டிவிடும். வில்லிஸ் தொடக்கத்தில் செய்த ஏறத்தாழ 25,000 வண்டிகளின் முகத்தில் இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்த கிராதி இருந்தது. ஒரே தகட்டில் அழுத்தி எடுத்த ஒன்பது கண் முகப்பை ஃபோர்டு கொணர்ந்தது; அது இலேசானது, மலிவானது. 1942-இல் வில்லிஸும் அதையே மேற்கொண்டது. போர் முடிந்தபின் பொதுமக்களுக்கு விற்ற வண்டியில் கண்கள் ஏழாயின. ஆகவே திரைப்படத்தில் போர்முனை ஜீப் என்று ஏழு கண் வண்டி வந்தால் அரங்கில் ஓர் ஆர்வலராவது பெருமூச்சு விடுவார். சங்ககாலக் கதை நாடகத்தில் மிளகாய் வற்றல் காய்வதைக் கண்ட தமிழாசிரியரின் பெருமூச்சு அது.

தொடக்க கால வண்டிகளின் பின்புறத் தகட்டில் செய்தவர் பெயர் பெரிதாகப் புடைத்திருந்தது. அரசு வண்டியில் வணிக விளம்பரம் எதற்கு என்று 1942-இல் அதை நிறுத்தச் செய்தனர். பெயர் இருந்தால் முன்னது, இல்லையேல் பின்னது. இல்லாமையும் சான்றாகும் என்பதைப் பதிப்பாசிரியர்கள் நன்கறிவர்.

இதற்கெல்லாம் நிகண்டு ஒன்றும் உண்டு. அமெரிக்கப் படைத்துறை ஒவ்வொரு வகை ஊர்திக்கும் ஓர் எண் தந்து பாகப்பட்டியல் அச்சிட்டது; ஜீப்பின் எண் ஜி-503. அந்நூலில் ஒவ்வொரு உறுப்பும் வெடித்துச் சிதறி அந்தரத்தில் நிற்பதுபோல் வரையப்பட்டு, பக்கத்தில் எண் இடப்பட்டிருக்கும். ஒரே வாஷருக்கு வில்லிஸ் எண் ஒன்று, ஃபோர்டு எண் ஒன்று. வில்லிஸ் எண்ணுக்கு முன்னால் 'ஏ', ஃபோர்டு எண்ணுக்கு முன்னால் 'ஜிபிடபிள்யூ'. ஒருபொருட் பல்பெயர்த் தொகுதி என்று திவாகரத்திலும் சூடாமணியிலும் படித்தவர்க்கு இந்நூல் எளிதில் வசப்படும். முற்றத்தில் கிடக்கும் வளைந்த கம்பி ஒன்று கார்புரேட்டரைச் சேர்ந்ததா, இருக்கையைச் சேர்ந்ததா, அல்லது எவரோ ஓர் உழவர் கலப்பையிலிருந்து கழற்றிக் கட்டியதா என்று இப்பட்டியலைப் புரட்டியே முடிவு செய்கின்றனர். மூன்றாவதே விடையாக அமையும் இடங்களும் பல. போருக்குப் பின் இவ்வண்டிகள் மலிவாக விற்கப்பட்டுப் பண்ணைகளில் உழைத்தவை.

துருவை நீக்குவதிலும் தனி முறைகள் உள. அவசரக்காரர் மணலை வீசியடித்துத் தகட்டை வெளுக்கிறார். மெல்லிய தகடு நெளிந்துபோகிறது. பொறுமைசாலி, கரும்பாலைக் கழிவான மொலாசஸை நீரில் கரைத்து அதில் பாகங்களை வாரக்கணக்கில் ஊறவிடுகிறார். துரு கரையும், நல்ல இரும்புக்குப் பெரும் சேதமில்லை, நாற்றம் மட்டும் அண்டை வீட்டாரின் பொறுமையைச் சோதிக்கும். சலவைச் சோடா கரைத்த நீரில் மின்சாரம் செலுத்தித் துருவை உதிர்ப்பவரும் உளர். அதில் நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுடைய குரோமியச் சேர்மங்கள் நீரில் கலக்கும் என்பதை அனுபவசாலிகள் முதல் நாளே சொல்லிக்கொடுக்கின்றனர். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் தூசி உண்டு. அக்காலப் படைக் கருவிகள் சிலவற்றின் முகப்பில் இருளில் ஒளிரும் ரேடியப் பூச்சு உண்டு, சுரண்டலாகாது. போர் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆயின. கருவிகள் இன்னும் போர்க்குணம் விடவில்லை.

துருவினும் கடினமானது வண்ணம். ஒரு ஜீப்பின் மேல் ஐந்தாறு பூச்சுகள் இருக்கலாம். பண்ணைக்காரரின் சிவப்பு, அதற்கடியில் நகராட்சியின் மஞ்சள், அதற்கடியில் ஏதோ ஒரு நாட்டுப் படையின் பச்சை, எல்லாவற்றுக்கும் அடியில் தொழிற்சாலையின் மங்கிய ஆலிவ் பச்சை. நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்து, விரல்நுனி அளவு வலிமையோடு, வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால் ஒவ்வொரு பூச்சாக விலகும். பானெட்டின் பக்கவாட்டில் தேய்ப்பவர் தேடுவது ஓர் எண்ணை. அமெரிக்கப் படை தன் ஒவ்வொரு ஊர்திக்கும் பதிவெண் எழுதியது. ஜீப்பின் எண் 20 என்று தொடங்கும். தொடக்கத்தில் மங்கிய நீலத்திலும் பின்னர் வெள்ளையிலும் எழுதினர். வானொலிக்கு இடையூறு செய்யாதவாறு மின்னமைப்பைத் திருத்திய வண்டிக்கு எண்ணுக்குப் பின் 'எஸ்' என்ற எழுத்துச் சேர்க்கப்பட்டது. பல மணி நேரத் தேய்ப்புக்குப் பின் ஒரு சுழியத்தின் வளைவு பேய்போல் தெரியும். ஒரு கணம் மிகுதியாகத் தேய்த்தால் அதுவும் போய்விடும். கரையான் தின்ற ஓலையில் மஞ்சள் பூசி எழுத்தைத் தூக்கிப் பார்த்தவர்களின் கையும் இவ்வாறே நடுங்கியிருக்கும்.

எண் கிடைத்துவிட்டால் வண்டி தன் பழைய பெயரைப் பெற்றதாகும். ஆனால் அது எந்த வண்டியின் பெயர் என்பதில்தான் சிக்கல். போர்க்களத்துப் பட்டறைகளில் ஒன்று உடைந்தால் மற்றொன்றின் பாகத்தைக் கழற்றிப் பூட்டினர். எஞ்சின் ஒன்று, சட்டம் ஒன்று, உடற்கூடு ஒன்று. போருக்குப் பின் பிரெஞ்சுப் படை தன்னிடம் எஞ்சிய ஜீப்களைப் பெரும் பட்டறைகளில் முற்றும் பிரித்து, பாகங்களை வகைவகையாகக் குவித்து, குவியலிலிருந்து எடுத்துப் புதிதாகப் பூட்டியது. வில்லிஸ் சட்டத்தில் ஃபோர்டு உடல், அதில் எவருடையதோ எஞ்சின் என்று வெளிவந்தவை அவை. போதாக்குறைக்கு ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனம் உரிமம் பெற்று அதே வடிவில் எம்-201 என்னும் வண்டியை ஆயிரக்கணக்கில் செய்தது. இன்று ஐரோப்பாவில் ஜூன் மாதந்தோறும் நார்மண்டிக் கரையில் அணிவகுக்கும் ஜீப்களுள் இவற்றின் வழிவந்தவை பல. வெள்ளை நட்சத்திரம் தீட்டிவிட்டால் பார்வையாளர்க்கு வேறுபாடு தெரியாது.

ஏடு பெயர்த்து எழுதியோர் தம் காலத்து வழக்கையும் தம் ஊர்ச் சொல்லையும் மூலத்தில் கலந்துவிட்டது போன்ற நிலை இது. இங்கே ஆர்வலர் இரு கட்சியாகப் பிரிகின்றனர். ஒரு கட்சியார், வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே ஆக்க வேண்டும் என்பர். பிற்காலப் பாகம் எதுவாயினும் அது இடைச்செருகல், நீக்குக என்பர். மற்றொரு கட்சியார், படைக் கொட்டிலில் உழைத்த வண்டிக்குப் பட்டறைக்காரர் போட்ட ஒட்டும் வரலாறே, அதை நீக்குதல் வரலாற்றை நீக்குதலே என்பர். அமெரிக்கக் கண்காட்சிகளில் இவ்விரு நிலைகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் வழங்கும் முறையும் ஏற்பட்டுள்ளது. கட்சிச் சண்டையைத் தீர்க்க இயலாதபோது இரு பரிசு கொடுப்பது எந்நாட்டிலும் நடைமுறைதான்.

முதற்கட்சியாரின் கடுமையில் ஒரு நேர்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் மீட்பது எந்த நாளை? 1943-ஆம் ஆண்டு டொலிடோ நகரத் தொழிற்சாலை வாயிலில், சேறு படாது, எவரையும் சுமக்காது, எவருடைய குருதியும் படாது வண்டி நின்ற ஒரு காலைப்பொழுதை. அந்நாளில் அது இன்னும் போர் ஊர்தி ஆகவில்லை. போர் ஊர்தியாக ஆனபின் அதன்மேல் பதிந்த அனைத்தையும் அழுக்கு என்று துடைத்துவிட்டு, போர் ஊர்தியை மீட்டுவிட்டதாகக் கூறுவது எவ்வாறு பொருந்தும்?

இந்த வினாவைத் தமிழில் முன்னரே எழுப்பியவர் ஔவையார். அதியமானின் தூதுவராகத் தொண்டைமானிடம் சென்று, அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய புறநானூற்று 95-ஆம் பாட்டு அவையோர் அறிந்ததே. பீலி சூட்டி நெய் பூசிக் காவலுக்குள் மின்னும் வேல் ஒருபுறம். நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் வேல் மறுபுறம். புகழ்வதுபோல் இகழ்ந்த அப்பாட்டை, மெழுகு பூசிப் பளபளக்கும் ஜீப்களின் நீண்ட வரிசைக்கு முன் நின்று நினைத்தால் அதன் கூர்மை புதிதாகக் குத்தும். அரங்கில் மின்னுபவை பெரும்பாலும் தொண்டைமான் வேல்கள். அதியமான் வேல் பட்டறை மூலையில், எந்தப் பாகம் என்று தெரியாமல், பெயர்ச்சீட்டுக் கட்டப்பட்டுக் கிடக்கிறது.

எனினும் ஔவையாரின் ஒப்பீட்டை அப்படியே இங்குக் கொள்ளுதலும் இயலாது. அவர் முறிந்த வேலைப் போற்றியது போரைப் போற்றிய காலத்தில். இன்று பட்டறையில் மூட்டிவிட்ட ஓட்டையைக் கண்டு உருகுபவர், அவ்வோட்டை வழியே சென்ற குண்டு எங்கே போய் நின்றது என்று கேட்க வேண்டியவராகிறார். கண்காட்சியில் பிள்ளைகள் ஏறி அமர்ந்து ஒலிப்பானை அழுத்தும் அதே இருக்கையில் எவர் அமர்ந்திருந்தார்? பாகப்பட்டியலில் இதற்கு எண் இல்லை. இக்கேள்வியைக் கேட்கும் ஆர்வலர்களும் இருக்கின்றனர். அவர்கள் கிடைத்த பதிவெண்ணைக் கொண்டு படைப்பிரிவின் குறிப்பேடுகளைத் தேடுகின்றனர். நடுகல்லைக் கண்டவர் அதில் பொறித்த பெயரைப் படிக்க முயல்வதைப் போன்றதே அம்முயற்சி. பெரும்பாலும் எண்ணுக்கும் ஆளுக்கும் இடையே நூல் அறுந்தே இருக்கிறது.

எந்த ஊர்தி மீட்கப்படுகிறது, எது மீட்கப்படுவதில்லை என்பதும் கருதத்தக்கது. பத்துச் சக்கர ஜிஎம்சி பார வண்டி ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1944 ஆகஸ்டு இறுதி முதல் நவம்பர் வரை பிரான்சில் முன்னேறிய படைக்கு எரிபொருளும் உணவும் குண்டும் கொண்டு சென்ற 'ரெட் பால்' நெடுவழியில் இரவும் பகலும் ஓடியவை அவையே. அவற்றை ஓட்டியவருள் பெரும்பாலோர் கறுப்பினப் படைவீரர்கள். வெள்ளையரோடு சேர்ந்து போரிட உரிமை மறுக்கப்பட்டு வண்டி ஓட்ட அனுப்பப்பட்டவர்கள். தளபதி அமர்ந்து படம் எடுத்துக்கொண்ட ஜீப்புக்கு ஓராயிரம் அன்பர். மூட்டை சுமந்த பார வண்டியைத் தேடுவோர் அதனிற் குறைவு. இடப்பற்றாக்குறை ஒரு காரணம் என்பது உண்மையே. முழுக் காரணம் அதுவன்று.

இந்திய மண்ணிலும் இவ்வூர்திகள் தடம் பதித்தன. அசாமின் லீடோவில் தொடங்கிப் பர்மா வழியே சீனத்துக் குன்மிங் வரை 1,079 மைல் நீண்ட பாதையில் 1945 ஜனவரியில் முதல் அணி புறப்பட்டது. அப்பாதையை வெட்டுவதில் மலேரியாவுக்கும் மண்சரிவுக்கும் பலியான தொழிலாளர் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. போர் முடிந்ததும் எஞ்சிய வண்டிகள் ஏலத்தில் போயின. டிஸ்போசல் வண்டி என்ற வழக்கு அவ்வழி வந்ததே. விடுதலைக்குப் பின் மும்பையில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்களைப் பூட்டத் தொடங்கியது. தமிழ்நாட்டு மலைச்சாலைகள் அறிந்தவை இவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

புதுப்பித்த பழைய ஜீப் என்னும் தொடர் இந்திய அரசியலிலும் ஒருமுறை கசப்பாக ஒலித்தது. 1948-இல் காசுமீரப் போரின்போது இலண்டனில் செய்த ஒப்பந்தப்படி வந்திறங்கிய 155 ஜீப்கள் பயன்படுத்த இயலாதவை என்று கண்டதும் நாடாளுமன்றம் கொதித்தது. புதுப்பித்தல் என்ற சொல்லை விற்பவர் ஒரு பொருளிலும் வாங்குபவர் வேறு பொருளிலும் கொள்ளலாம் என்பதற்கு அது சான்று.

அக்குழப்பம் ஆர்வலர் உலகிலும் உண்டு. பணம் நுழைந்த இடத்தில் பொய் நுழையாதிருக்குமா? பிலிப்பைன்சில், போருக்குப் பின் எஞ்சிய ஜீப்களை நீட்டிப் பயணிகள் வண்டியாக்கிய கைத்திறன் வளர்ந்து, இன்று பழைய ஜீப்பின் உடற்கூட்டையே புதிதாக அச்சுமாறாமல் செய்து ஏற்றுமதி செய்யும் அளவுக்கு வந்துள்ளது. அழுகிய தகட்டுக்கு மாற்றாக அதை வாங்குவதில் தவறில்லை. வாங்கியதைச் சொல்லாமல் மறைப்பதே தவறு. கருவிப்பலகையில் அடிக்கும் தகடுகள் புதிதாகக் கிடைக்கின்றன. அவற்றில் வண்டி பிறந்த நாளை எவரும் தம் விருப்பம்போல் அறைந்துகொள்ளலாம். இல்லாத எண்ணைச் சட்டத்தில் அறைந்து, 1941 என்று சொல்லி விற்றதும் உண்டு. அறையப்பட்ட எண்ணின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா, இலக்கத்தின் வடிவம் அத்தொழிற்சாலை அச்சோடு ஒத்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி கொண்டு பார்த்துப் பொய்யை வெளிப்படுத்தும் வல்லுநர்கள் தோன்றினர். பாடபேதம் ஆராயும் கண் எங்கே பயிற்சி பெற்றாலும் ஒன்றே.

இவ்விடத்தில் உ.வே.சாமிநாதையரின் முறை நினைக்கத்தக்கது. 1894-இல் அவர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது சிதைந்த அடிகளைத் தாமே பாடி நிரப்பவில்லை. பாடவல்ல புலமை அவரிடம் இல்லாமலில்லை. நிரப்பியிருந்தால் கண்டுபிடிப்பார் எவரும் அன்று இலர். புள்ளியிட்டு இடம் விட்டார். 267, 268-ஆம் பாட்டுகள் இருந்த இடம் இன்றும் வெற்றிடமே. நிரப்பத் தெரிந்தவர் நிரப்பாது விட்ட இடம் என்பதனாலேயே ஏனைய இடங்களை நம்ப முடிகிறது. இங்குள்ள கவிஞர்களுக்கு இச்செய்தி சற்றுக் கசக்கலாம். கவிஞர் கை வெற்றிடத்தைக் கண்டால் துடிக்கும். நல்ல பட்டறைக்காரர் கையும் அப்படித்தான்.

அண்மைக் காலத்தில் ஆர்வலர்களிடையே வலுப்பெற்று வரும் போக்கு ஒன்று இந்த மரபுக்கு நெருங்கியது. ஓடுவதற்கும் நிற்பதற்கும் இன்றியமையாத பிரேக், திசைமாற்றி, சக்கரம், மின்கம்பி ஆகியவற்றைத் தயக்கமின்றிப் புதிதாக்குகின்றனர், உயிரோடு விளையாடுவதற்கில்லை. அச்சக்கரங்களுள் ஒருவகை இரு பாதிகளாகச் செய்து போல்ட்டால் இணைத்தது. காற்று இருக்கும்போது கழற்றினால் ஆளைக் கொல்லும். இத்தகையவற்றில் பழமை பேசுவார் எவருமில்லை. மற்றவற்றில் கை வைக்குமுன் படம் எடுக்கின்றனர், அளக்கின்றனர், குறிப்பு எழுதுகின்றனர். எந்தப் பாகம் உடன் வந்தது, எது சந்தையில் வாங்கியது, எது புதிதாகச் செய்தது என்று ஒரு குறிப்பேடு வண்டியோடு சேர்த்து வைக்கப்படுகிறது. விற்கும்போது அதுவும் கைமாறுகிறது. பதிப்புரை இல்லாத நூலை வாங்காதவரைப் போல, குறிப்பேடு இல்லாத வண்டியை வாங்காதவர் பெருகி வருகின்றனர்.

வண்ணத்திலும் அவ்வாறே. வண்டி முழுவதும் புதிய ஆலிவ் பச்சை பூசினாலும், பானெட்டின் பக்கத்தில் பழைய எண் தெரியும் ஒரு சாண் இடத்தைச் சுற்றிக் காகித நாடா ஒட்டி, அதை மட்டும் பூசாமல் விட்டுவிடுவோர் உளர். பளபளப்பின் நடுவே அது ஒரு தழும்புபோல் தெரியும். தெரியாதவர், இங்கே பெயின்ட் போதவில்லையா என்று கேட்பர். அப்பூச்சில் சில சமயம் எண்ணோடு, விரலால் எழுதியது போன்ற கோணலான எழுத்தில் ஒரு பெண்ணின் பெயரும் பாதி தெரியும். ஓட்டியவர் தம் காதலியின் பெயரையோ தாயின் பெயரையோ வண்டிக்கு இட்டெழுதுவது அப்படைகளில் வழக்கம். மீதி எழுத்துகளை ஊகிப்பது எளிது. ஆங்கிலப் பெண் பெயர்கள் அத்தனை அதிகமில்லை. தூரிகையும் வெள்ளை வண்ணமும் பக்கத்திலேயே இருக்கும். எழுதுவதில்லை. மேற்பூச்சு இல்லாத அந்த இடம் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், மழைக்காலம் தொடங்குமுன் மெல்லிய துணியில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் தொட்டு, எழுத்தின்மேல் அழுத்தாமல், ஆண்டுதோறும் தடவி வருகின்றனர்.